‘மதுரைக்குக் கொண்டு போங்கள்’: பட்டாசு மண்டலத்தில் ஈரல் நோயும் எண்டோஸ்கோபியும் சட்டமும்

விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு ஆலை வெடித்தால் அது செய்தியாகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இழப்பீடுகள் அறிவிக்கப்பட்டன, விசாரணைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அதே ஊர்களின் காலனிகளில், நாற்பது வயதைத் தொடாத ஒரு தொழிலாளி நள்ளிரவில் ரத்த வாந்தி எடுத்து, மதுரை செல்லும் வழியிலேயே இறந்துபோனால் அது செய்தி ஆவதில்லை. ‘குடித்தே செத்தான்’ என்ற ஒற்றை வரியில் ஊர் அவர் கணக்கை முடித்துவிடுகிறது. அவர் குடித்தவராகவே இருக்கலாம். ஹெபடைட்டிஸ் கிருமி தாக்கியவராக இருக்கலாம். உடல்வலி மாத்திரைகளால் இரைப்பை புண்ணானவராகவும் இருக்கலாம். எதுவாயினும், அந்த ரத்தப்போக்கை நிறுத்தக்கூடிய சிகிச்சை இன்று இருக்கிறது. அது அவருக்கு உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்பதே இறப்பின் காரணம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி விருதுநகர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளின் கூலி வேலையிலும், நகராட்சிகளின் துப்புரவுப் பணியிலும் அவர்கள் உழைப்பு கலந்திருக்கிறது. இந்தியாவில் தலித் பெண்கள், ஆதிக்க சாதிப் பெண்களைக் காட்டிலும் சராசரியாக 14.6 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்று ஐக்கிய நாடுகள் பெண்கள் அமைப்பின் 2018-ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. இந்த ஆண்டுகள் எங்கே தொலைகின்றன என்று தேடினால், ‘சிறப்புச் சிகிச்சை’ என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் பாகுபாடும் ஓர் இடமாக நமக்குத் தென்படும். வயிறு, ஈரல் நோய்களுக்கான சிகிச்சையை எடுத்துக்கொண்டு அதை இங்கே பார்ப்போம்.

எண்டோஸ்கோபி எதற்கு?

நுனியில் ஒளியும் படக்கருவியும் கொண்ட, வளையக்கூடிய மெல்லிய குழாயை வாய் வழியாகவோ ஆசனவாய் வழியாகவோ செலுத்தி உட்புறத்தை நேரில் பார்ப்பதே எண்டோஸ்கோபி. 1957-இல் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் கண்ணாடி இழைகளால் ஆன வளையும் கருவியைச் செய்துகாட்டிய பிறகே இது பரவலான மருத்துவ முறையாக வளர்ந்தது. அதற்கு முன் பேரியம் சல்பேட் கரைசலைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுப்பதே பெரும்பாலும் வழி. அதில் நிழல் தெரியும். புண்ணின் தன்மை தெரியாது. ரத்தம் கசிந்தால் நிறுத்தவும் முடியாது.

இன்று எண்டோஸ்கோபி நோயைக் கண்டறியும் கருவி மட்டுமல்ல; சிகிச்சைக் கருவியும் கூட. அதே குழாய் வழியாக ஊசி போடலாம். ரத்தம் கசியும் நாளத்தைக் கிளிப் போட்டு இறுக்கலாம். ரப்பர் வளையம் இட்டுக் கட்டலாம். சிறு திசுத் துண்டை எடுத்துப் புற்றுநோய் உண்டா என்று சோதிக்கலாம். இரைப்பைப் புண்ணுக்கு ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா ஒரு முதன்மைக் காரணம் என்று நிறுவிய ராபின் வாரன், பாரி மார்ஷல் ஆகிய இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நெரிசலான வீடு, தூய்மையற்ற குடிநீர் ஆகியவற்றோடு தொடர்புடைய இத்தொற்று பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே பற்றிக்கொள்கிறது. ‘காரம் தின்றதால் வந்த அல்சர்’ என்று நம் மக்களின் உணவுப் பழக்கத்தின் மீது பழி போடுவதற்கு முன், அவர்கள் குடியிருப்புக்கு வரும் தண்ணீரைக் கேள்வி கேட்க வேண்டும். இத்தொற்றை இரண்டு வார மாத்திரைகளால் பெரும்பாலும் குணப்படுத்த முடியும்.

ரத்த வாந்தி: ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்

ஈரல் நீண்ட காலம் சேதமுற்றுத் தழும்பேறிச் சுருங்கும் நிலையைச் சிரோசிஸ் என்கிறோம். மது, ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள், சர்க்கரை நோயோடும் உடல் பருமனோடும் வரும் கொழுப்பு ஈரல் ஆகியவை அதன் முக்கியக் காரணங்கள். சுருங்கிய ஈரல் வழியாக ரத்தம் எளிதில் செல்ல முடியாது. ஆகவே குடலிலிருந்து ஈரலுக்கு வரும் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறி, உணவுக்குழாயின் அடிப்பகுதியில் உள்ள நாளங்கள் புடைக்கின்றன. அவை வெடித்தால் ரத்த வாந்தி. அல்லது தார் போன்ற கருத்த மலம்.

இந்த நிலையில் செய்ய வேண்டியவை மருத்துவ உலகில் உறுதிப்பட்டவை. ரத்தம் ஏற்றுவது, அழுத்தத்தைக் குறைக்கும் டெர்லிப்ரெசின் அல்லது ஆக்ட்ரியோடைடு ஊசி, தொற்றைத் தடுக்க ஆன்டிபயாடிக் ஆகியவை உடனே தொடங்க வேண்டியவை. இவற்றுக்கு எண்டோஸ்கோபி நிபுணர் தேவையில்லை. அடுத்து, மருத்துவமனைக்கு வந்த 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி செய்து, வெடித்த நாளத்தை ரப்பர் வளையத்தால் கட்ட வேண்டும். முழுமையான சிகிச்சை கிடைத்தாலும் ஏறத்தாழ ஆறில் ஒருவர் ஆறு வாரங்களுக்குள் இறக்கும் அளவுக்குக் கொடிய நிலை இது. சிகிச்சை தாமதமானால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சிவகாசியிலிருந்து மதுரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். வத்திராயிருப்பு மலையடிவாரத்திலிருந்தோ, வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊரிலிருந்தோ கிளம்பினால் வட்டத் தலைநகரம், மாவட்டத் தலைநகரம், பிறகு மதுரை என்று ஒவ்வொரு வாசலாகக் கடக்க நேரும்போது அந்த 12 மணி நேரம் சாலையிலேயே கரைகிறது. ஆகவே கேள்வி ‘நிபுணர் எங்கே?’ என்பது மட்டும் அல்ல. ‘மதுரைக்குக் கொண்டு போங்கள்’ என்று எழுதிக் கொடுப்பதற்கு முன் அந்த ஊசி போடப்பட்டதா, ரத்தம் ஏற்றப்பட்டதா, மதுரைக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லப்பட்டதா என்பவையும் உயிரைத் தீர்மானிக்கும் கேள்விகளே.

இன்னொன்று: நாளங்கள் புடைத்திருப்பதை முன்கூட்டியே கண்டால், ப்ரோப்ரனலால், கார்வெடிலால் போன்ற விலை குறைந்த மாத்திரைகளாலோ, முன்னெச்சரிக்கையாக வளையமிட்டோ முதல் ரத்தப்போக்கையே பெரிதும் தடுக்கலாம். வளையமிடும் சிகிச்சை ஒரே முறையில் முடிவதும் இல்லை. நாளங்கள் மறையும் வரை சில வாரங்களுக்கு ஒருமுறை திரும்ப வர வேண்டும். நாள்கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் கூலி, துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி, பேருந்துக் கட்டணம். இரண்டாம் முறைக்குப் பின் அவர் வராமல் போனால் அதை ‘நோயாளியின் அலட்சியம்’ என்று குறிப்பேட்டில் எழுதுவது நியாயமன்று.

தீக்காயமும் இரைப்பையும்

பட்டாசு மண்டலத்துக்கே உரிய ஒரு தொடர்பு பலருக்குத் தெரியாது. கடுமையான தீக்காயத்துக்கு உள்ளானவர்களின் சிறுகுடல் முன்பகுதியில் திடீர்ப் புண் தோன்றி ரத்தம் கசிவதை 1842-இல் லண்டன் அறுவை மருத்துவர் தாமஸ் கர்லிங் விவரித்தார். இன்றும் அது அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. உடலில் பெரும்பகுதி வெந்தால் நீரிழப்பால் இரைப்பைச் சுவருக்குச் செல்லும் ரத்தம் குறைகிறது. பாதுகாப்புப் படலம் சிதைகிறது. அமிலம் சுவரைத் தின்கிறது. போதிய அளவு திரவம் ஏற்றுதல், அமிலம் குறைக்கும் மருந்து, குழாய் வழியாகவேனும் விரைவில் உணவு தொடங்குதல் ஆகியவற்றால் இது இன்று பெருமளவு தடுக்கப்படுகிறது. மீறி ரத்தம் கசிந்தால் எண்டோஸ்கோபி வேண்டும்.

சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு உண்டு. வெடி விபத்து நிகழக்கூடிய ஒரு மண்டலத்தில் தீக்காயப் பிரிவுக்குத் துணையாக அவசர எண்டோஸ்கோபி வசதியும் பக்கத்திலேயே இருப்பது ஆடம்பரம் அன்று. தீக்காயச் சிகிச்சையின் ஒரு பகுதியே. விபத்துக்குப் பிந்தைய இழப்பீட்டைக் கேட்கும் நாம், விபத்தில் தப்பியவர் பத்தாம் நாள் குடல் ரத்தப்போக்கால் இறக்காமல் காக்கும் ஏற்பாட்டையும் கேட்க வேண்டும்.

‘மருந்து’ அறையில் இருக்கும் நஞ்சு

இம்மண்டலத்தில் ‘மருந்து’ என்றால் வெடிக்கலவை. அதில் சேர்க்கப்பட்டு வந்த பேரியம் நைட்ரேட்டை உச்ச நீதிமன்றம் அர்ஜுன் கோபால் வழக்கில் 2018 அக்டோபர் 23 அன்று தடை செய்தது. 2021-இல் மீண்டும் வலியுறுத்தியது. அந்த வழக்கு நகரத்துக் காற்றைப் பற்றியது. ஆனால் கரையும் தன்மையுள்ள பேரியம் உப்பு முதலில் தாக்கக்கூடியது அதைக் கையாளும் தொழிலாளியின் உடலையே. அது வயிற்றுக்குள் சென்றால் வாந்தி, வயிற்றுவலி, பேதி. தொடர்ந்து ரத்தத்தில் பொட்டாசியம் சரிந்து தசைகள் செயலிழக்கின்றன. மருத்துவமனையில் எக்ஸ்ரேக்குக் கொடுக்கும் பேரியம் சல்பேட் நீரில் கரையாதது என்பதால்தான் அது தீங்கற்றது. கழுவாத கையோடு மதிய உணவு உண்ண நேரும் இடத்தில், சோப்பும் தண்ணீரும் உணவறையும் சட்டப்படியான பாதுகாப்புக் கருவிகளே.

பாஸ்பரஸின் கதை இன்னும் பழையது. வெள்ளைப் பாஸ்பரஸ் தீப்பெட்டித் தொழிலாளரின் தாடை எலும்பை அரித்ததால், 1906 பெர்ன் உடன்படிக்கை அதைத் தடுத்தது. இந்தியாவில் 1913-இல் தடைச் சட்டம் வந்தது. 1920-களில் சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் வந்தபோது அந்த நஞ்சு சட்டப்படி விலக்கப்பட்டிருந்தது. ஆனால் அதே வகையான மஞ்சள் பாஸ்பரஸ், எலிக்கொல்லிப் பசையாக நம் வீடுகளுக்குள் நுழைந்து, தமிழ்நாட்டில் திடீர் ஈரல் செயலிழப்புக்கு ஒரு முக்கியக் காரணமாயிற்று. தமிழ்நாடு அரசு அதன் விற்பனையைத் தடை செய்துள்ளது. செயல்பாட்டாளர்கள் அறிய வேண்டியது இது: இந்நஞ்சு உடலில் சென்றவர் முதல் இரண்டு மூன்று நாள்கள் நன்றாக இருப்பது போலத் தோன்றுவார், அதை நம்பி வீட்டுக்கு அழைத்து வந்துவிடக் கூடாது. உடனடியாக, ஈரல் சிகிச்சை உள்ள பெரிய மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை பல உயிர்களைக் காத்துள்ளது.

இங்கே நாம் பயன்படுத்தாத ஒரு சட்டக் கருவி இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அரசுக்குத் தெரிவித்தே தீர வேண்டிய தொழில்நோய்களைப் பட்டியலிட்டது. பாஸ்பரஸ் நச்சும், ‘நச்சுப் பொருள்களால் வரும் மஞ்சள் காமாலை’யும் அதில் உள்ளன. ஆலைத் தொழிலாளியிடம் இந்நோயைக் காணும் மருத்துவர், தலைமை ஆய்வாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று பிரிவு 89 கூறியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இக்கடமையும் பட்டியலும் தொடர்கின்றன. மருத்துவர் ‘என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்று கேட்டு அதைப் பதிவு செய்யாவிட்டால் இக்கடமை தொடங்குவதே இல்லை. எனவே நோயாளியின் ஆலையும் வேலையும் புறநோயாளிச் சீட்டில் எழுதப்பட வேண்டும் என்று வற்புறுத்துவது நம் முதல் வேலை.

எல்லாக் காமாலையும் ஒன்றல்ல

மஞ்சள் காமாலை என்பது நோயின் பெயரன்று, அறிகுறி. மாசுபட்ட நீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ, இ பெரும்பாலும் தாமாகவே குணமாகும்; ஆனால் கர்ப்பிணிகளுக்கு ‘இ’ வகை உயிராபத்தானது. சாக்கடையிலும் எலிச் சிறுநீர் கலந்த நீரிலும் இறங்கும் துப்புரவுத் தொழிலாளருக்கு லெப்டோஸ்பைரோசிஸ் காமாலையாக வரலாம். அதற்கு ஆன்டிபயாடிக் உண்டு. பித்தநாளத்தில் கல்லோ கட்டியோ அடைத்தாலும் காமாலைதான். அதோடு குளிர்க்காய்ச்சலும் வயிற்றுவலியும் சேர்ந்தால் அது அவசர நிலை, ஈ.ஆர்.சி.பி. எனப்படும் எண்டோஸ்கோபி முறையில் அடைப்பை நீக்க வேண்டும்.

கீழாநெல்லியை நம் மக்கள் நம்புவதை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்த புளூம்பெர்க், சென்னை ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜன் குழுவோடு சேர்ந்து கீழாநெல்லி பற்றிய ஆய்வை 1988-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். ஆனால் பிந்தைய ஆய்வுகள் அந்த முடிவை உறுதிப்படுத்தவில்லை. தானாகவே குணமாகும் காமாலையில் புகழ் மூலிகைக்குச் சேர்கிறது. அடைப்புக் காமாலையிலோ அந்த இரண்டு வாரத் தாமதம் உயிரைக் கேட்கிறது. முதல் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் அரசு மருத்துவமனையில் உடனே கிடைத்தால் எவரும் மூலிகைக்காக இரண்டு வாரம் காத்திருக்க மாட்டார்.

ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் ரத்தத்தின் வழியே பரவுபவை. அமைதியாக ஆண்டுக்கணக்கில் ஈரலை அரிப்பவை. ‘சி’ வகையை மூன்று மாத அளவிலான மாத்திரைகளால் முற்றிலும் குணப்படுத்தலாம், ‘பி’ வகையைக் கட்டுக்குள் வைக்கலாம், தடுப்பூசியும் உண்டு. 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் பரிசோதனையும் மருந்தும் இலவசம். துப்புரவுப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போடப்பட்டுள்ளதா என்று நகராட்சியிடம் பட்டியல் கேட்க வேண்டும். சாதியால் ஒரு வேலையில் தள்ளப்பட்டவருக்கு, அந்த வேலையால் வரும் நோய்க்கான தடுப்பூசியையாவது தருவது குறைந்தபட்சக் கடமை.

நிபுணர் யார்? எங்கே இருக்கிறார்?

இரைப்பை–குடல் மருத்துவ நிபுணராக எம்.பி.பி.எஸ்., எம்.டி. ஆகியவற்றுக்குப் பிறகு மூன்றாண்டு டி.எம். படிப்பு வேண்டும். அந்த உயர்சிறப்பு நிலையில் இடஒதுக்கீடு கூடாது என்று பிரீத்தி ஸ்ரீவத்சவா வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு கூறிவிட்டது. ‘தகுதி’ என்ற பெயரால் அடைக்கப்பட்ட அந்தக் கதவின் விளைவு வகுப்பறையோடு நிற்பதில்லை. எந்தச் சமூகத்திலிருந்து, எந்த ஊரிலிருந்து நிபுணர்கள் வருகிறார்கள் என்பதே அவர்கள் எங்கே பணியாற்றுவார்கள் என்பதையும் பெரிதும் தீர்மானிக்கிறது. அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு உயர்சிறப்புப் படிப்பில் 50 விழுக்காடு இடத்தைத் தமிழ்நாடு அரசு 2020-இல் ஒதுக்கியதும், 2022-இல் உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்ததும் இந்தப் பின்னணியில் முக்கியமானவை. அப்படிப் படித்தவர்கள் மாவட்டங்களுக்கு அனுப்பப்படுகிறார்களா என்பதே இனி கேட்க வேண்டியது.

விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. அது பெரிய முன்னேற்றம். எனினும் மருத்துவக் கல்லூரி தொடங்கக் கட்டாயமான துறைகளின் பட்டியலில் இரைப்பை–குடல் மருத்துவம் இல்லை. கல்லூரி இருக்கிறது என்பதாலேயே எண்டோஸ்கோபி நிபுணர் இருப்பார் என்று பொருளன்று. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் இரைப்பை–குடல் மருத்துவம், அறுவை மருத்துவம் ஆகிய இரு துறைகளும் உள்ளன. தென்மாவட்டங்களின் சுமை அங்கே குவிகிறது. ஈரல் மாற்று அறுவை அரசுத் துறையில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நடக்கிறது. மதுரை தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் முதல் அணி மாணவர்கள் 2022-இல் இராமநாதபுரத்தில்தான் படிப்பைத் தொடங்கினார்கள்.

செலவை யார் ஏற்பது?

முதலாவது, இ.எஸ்.ஐ. அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில், 1943-இல் அமர்த்தப்பட்ட பி.பி. அடார்க்கர் 1944-இல் தந்த அறிக்கையே அதன் அடித்தளம். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் தொழிலாளிக்கு அது பொருந்தும். முதலாளி 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் செலுத்த வேண்டும். சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உண்டு, அங்கே இல்லாத உயர்சிகிச்சைக்கு வேறு மருத்துவமனைக்கு அனுப்பிச் செலவை ஏற்கும் முறையும் உண்டு. நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு உதவித்தொகை கிடைக்கும். வயிற்றில் நீர் கோத்த சிரோசிஸ், நாட்பட்ட ஈரல் அழற்சி ஆகியவை நீண்டகால நோய்ப் பட்டியலில் உள்ளன. இரண்டாண்டுப் பணியும் உரிய பங்களிப்பும் இருந்தால் 80 விழுக்காட்டு உதவித்தொகை நீட்டிக்கப்படும். மேலே சொன்ன ‘வருகைக்கு ஒரு நாள் கூலி’ என்ற சிக்கலுக்குச் சட்டம் தரும் விடை இதுவே.

ஆனால் உரிமம் ஒருவர் பெயரிலும் அறைகள் பலரின் உள்குத்தகையிலும் இருக்கும்போது, தொழிலாளியின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அச்சங்குள விபத்துக்குப் பின் இந்த உள்குத்தகை முறை வெளிப்படையாகப் பேசப்பட்டது. சட்டம் இதற்கும் வழி வைத்திருக்கிறது. ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்வோருக்கும் முதன்மை முதலாளியே பங்களிப்பைச் செலுத்த வேண்டும். முதலாளி செலுத்தத் தவறியதால் தொழிலாளி பயனை இழந்தால், கழகம் அவருக்குப் பயனை வழங்கிவிட்டு முதலாளியிடம் வசூலிக்கலாம் என்று 1948 சட்டத்தின் பிரிவு 68 கூறியது. இச்சட்டத்தின் இடத்தில் இப்போது வந்திருக்கும் 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, அபாயகரமான தொழிலில் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் இ.எஸ்.ஐ.யை அறிவிக்கை மூலம் பொருத்த ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருகிறது. பட்டாசைவிட அபாயகரமான தொழில் எது? அந்த அறிவிக்கை பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களுக்கு வேண்டும் என்பது நம் உடனடிக் கோரிக்கையாக வேண்டும்.

இரண்டாவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. குடும்ப அட்டை, வருமானச் சான்று, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிவு செய்யலாம். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் விவரம் கேட்கலாம். ஈரல் மாற்று போன்ற உயர்செலவுச் சிகிச்சைகளுக்குத் தனி நிதியும் உண்டு. நோய் வந்த பின் வருமானச் சான்றுக்கு அலைவதைத் தவிர்க்க, ஒவ்வொரு காலனியிலும் முன்கூட்டியே அட்டை எடுக்கவைப்பது மாணவர்களால் ஒரே வாரத்தில் செய்யக்கூடிய வேலை.

நீதிமன்றங்கள் சொன்னவை

மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளர் சங்க உறுப்பினரை, அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் ‘படுக்கை இல்லை, வசதி இல்லை’ என்று திருப்பி அனுப்பின. 1996-இல் உச்ச நீதிமன்றம், உரிய நேரத்தில் சிகிச்சை தரத் தவறுவது அரசியல் சாசனத்தின் 21-ஆம் கூறை மீறுவதாகும் என்றது; நிதி இல்லை என்பதைக் காட்டி அரசு இக்கடமையிலிருந்து தப்ப முடியாது என்றும் சொன்னது. ‘பச்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி’ எனப்படும் இத்தீர்ப்பு, எண்டோஸ்கோபி இன்றி அலைக்கழிக்கப்படும் ரத்தப்போக்கு நோயாளிக்கும் பொருந்தும். எம்.சி. மேத்தா வழக்கில் 1990-களின் தொடக்கத்திலேயே சிவகாசித் தீப்பெட்டித் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் 50,000 ரூபாய்க்குக் கட்டாயக் காப்பீடு வேண்டும் என்று அதே நீதிமன்றம் கூறியிருந்ததை இங்கே நினைவுகூரலாம்.

சம்மதம் பற்றியும் சட்டம் தெளிவானது. நோயறியும் பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது என்று சமீரா கோலி வழக்கில் 2008-இல் தீர்ப்பளிக்கப்பட்டது. ‘பார்க்க மட்டும்’ என்று உள்ளே அழைத்துச் சென்று, உயிராபத்தான அவசரம் ஏதுமின்றி, கேட்காமல் வேறொன்றைச் செய்யக் கூடாது. படிவம் தமிழில் வாசித்துக் காட்டப்பட வேண்டும். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 மருத்துவ நன்னடத்தை விதி. கருவி ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் முறையாகக் கழுவிக் கிருமிநீக்கம் செய்யப்படாவிட்டால் ஹெபடைட்டிஸ் பரவக்கூடும்; அதைப் பற்றிக் கேட்பது நோயாளியின் உரிமை.

சாதி காரணமாக மருத்துவமனையில் நுழைய விடாமல் தடுத்தால் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955-இன் பிரிவு 5-உம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(இசட்ஏ)-உம் பொருந்தும். பின்னதில் மருத்துவமனையும் ஆரம்ப சுகாதார நிலையமும் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டுள்ளன. ஆனால் இன்று பாகுபாடு வாசலில் நின்று தடுப்பது குறைவு; ‘இங்கே வசதி இல்லை’ என்ற சீட்டாக வருவதே அதிகம்.

குடிநோயாளி என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. அரசியல் சாசனத்தின் 47-ஆம் கூறு பொதுச் சுகாதாரத்தையும் மதுவிலக்கையும் ஒரே வாக்கியத் தொடர்ச்சியில் அரசின் கடமையாக்குகிறது. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையைத் தன் கையில் வைத்திருக்கும் அரசு, அதனால் வரும் ஈரல் நோய்க்கு மாவட்டத்திலேயே சிகிச்சை தரும் பொறுப்பை மறுக்க முடியாது.

செய்ய வேண்டியவை

முதலில் தகவல். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்கீழ், விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் வட்ட மருத்துவமனைகளிலும் கீழ்க்கண்டவற்றைக் கேட்கலாம்:

1. எண்டோஸ்கோபி கருவிகள் எத்தனை? எத்தனை இயங்குகின்றன?
2. இரைப்பை–குடல் மருத்துவ நிபுணர் பணியிடங்கள் எத்தனை? எத்தனை காலி?
3. இரவிலும் விடுமுறை நாளிலும் அவசர எண்டோஸ்கோபி செய்யப்படுகிறதா?
4. கடந்த மூன்றாண்டில் ரத்த வாந்தியோடு வந்தோர் எத்தனை பேர்? மதுரைக்கு அனுப்பப்பட்டோர் எத்தனை பேர்?
5. டெர்லிப்ரெசின் அல்லது ஆக்ட்ரியோடைடு இருப்பு எவ்வளவு? எந்த நாள்களில் இருப்பு இல்லை?
6. தொழில்நோய் என்று தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்கப்பட்ட காமாலை நோயாளிகள் எத்தனை பேர்?

30 நாள்களில் விடை வர வேண்டும். உயிர் தொடர்பான தகவல் என்றால் பிரிவு 7(1)-இன்படி 48 மணி நேரத்தில். ஆறாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று விடை வந்தால், அதுவே மதுரைக் கிளை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குக்கான முதல் ஆவணம்.

அடுத்து நிதி. 2024-இல் தமிழ்நாடு சட்டமன்றம் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்குச் சட்ட வடிவம் தந்தது. அந்த நிதியை எல்லோருக்கும் பொதுவான கட்டடங்களுக்குத் திருப்புவதை நாம் எதிர்க்கிறோம், எதிர்க்கவும் வேண்டும். நிபுணர் பணியிடமும் கருவியும் சுகாதாரத் துறையின் சொந்த நிதியில் வர வேண்டும். காலனிகளில் ஹெபடைட்டிஸ் பரிசோதனை, துப்புரவுப் பணியாளருக்குத் தடுப்பூசி, வளையமிடும் சிகிச்சைக்கு மீண்டும் மீண்டும் செல்லும் நோயாளிக்குப் பயணப்படியும் கூலி இழப்பீடும் ஆகியவற்றைச் செயல்திட்ட நிதியிலிருந்து கேட்கலாம். இந்த வேறுபாட்டை மனுவில் தெளிவாக எழுத வேண்டும்.

இறுதியாக, காலனிகளில் ஒரு சிறு பட்டியலைச் சொல்லிச் செல்ல வேண்டும். ரத்த வாந்தி, தார் போன்ற மலம், காய்ச்சலோடு காமாலை, விழுங்குவதில் தடை, காரணமற்ற எடைக்குறைவு, வயிற்றில் நீர் கோத்தல் ஆகிய ஆறில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது. முதல் இரண்டுக்கும், காய்ச்சலோடு வரும் காமாலைக்கும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அனுப்பும் மருத்துவமனையிடம் சீட்டில் நேரம், கொடுத்த ஊசி, அனுப்பும் காரணம் ஆகிய மூன்றையும் எழுதி வாங்க வேண்டும். நோயாளி பிழைத்தால் அந்தச் சீட்டு அடுத்த மருத்துவருக்கு உதவும். பிழைக்காவிட்டால், ‘குடித்தே செத்தான்’ என்ற வரிக்கு எதிராக அந்தக் குடும்பத்தின் கையில் இருக்கும் சான்று அதுதான்.